கறையக்கா போடும் முடிச்சு

துணியை உள்பக்கம் திருப்பி, சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்ப்பார் கறையக்கா. பிறகு கறையோடு பேச ஆரம்பிப்பார். "வாங்க. நேத்து விருந்துல விழுந்தீங்களா? அப்ப நல்லாவே உக்காந்திருப்பீங்க." காபி, மை, சேறு எல்லாம் அவருக்கு 'வாடா, போடா'தான். சிவப்பு வைனுக்கு மட்டும்தான் இந்த மரியாதை. "அது பெரிய இடத்துச் சம்பந்தம். முறைச்சா போகாது" என்பார்.

சலவைக் கடையின் பின் அறையில், தொட்டியை ஒட்டி அவருடைய இடம். வீட்டில் அவருக்கு வேறு பெயர் இருக்கும். கடையில் யாரும் அதைக் கேட்டதில்லை.

எதிர்ச் சுவரோரம் இஸ்திரி மேசை. அங்கே நிற்பவள் ஒரு நாள் முழுக்க வாய் திறக்காமல் ஓட்டிவிடக்கூடியவள். "இஸ்திரிப்பெட்டிகூட அப்பப்ப புஸ்ஸுங்குது. நீ அதுவும் இல்லையேடி தங்கச்சி" என்று அக்கா சீண்டுவார். அவள் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வாள். பேசாததால் அவளுக்குப் பார்க்க நிறைய நேரம் கிடைத்தது.

அக்கா வைன் கறையை ஒருபோதும் தேய்க்கமாட்டார். வெள்ளைத் துணியால் ஒற்றி ஒற்றி எடுப்பார். ஈரம் காயாத கறை என்றால் உப்பைக் குவித்து வைப்பார். உப்பு மெல்ல இளஞ்சிவப்பாவதைப் பிள்ளை சாப்பிடுவதைப் பார்ப்பதுபோல் பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் பருத்தித் துணியை வாளியின் வாயில் இழுத்துக் கட்டி, உயரத்திலிருந்து கொதிநீரை ஊற்றுவார். வைனை ஒரு சொட்டும் குடித்ததில்லை. "குடிக்கிறவங்களுக்கு ஒரு ராத்திரி சந்தோஷம். எனக்கு வருஷம் பூரா வேலை. நல்லா இருக்கட்டும்" என்பார்.

துவைத்த பிறகும் கறை மிச்சமிருந்தால் அந்த இடத்திலேயே ஒரு முடிச்சுப் போட்டுவிடுவார். முடிச்சுள்ள துணிக்கு இஸ்திரிச் சூடு காட்டக்கூடாது. கொதிநீர் கறையை அடித்துக்கொண்டு போகும்; பெட்டியின் உலர்ந்த சூடு பட்டால் அது நூலோடு ஒட்டிக்கொள்ளும்.

அன்று மழை. எல்லாத் துணியும் ஈரமாக ஒரே கூடையில் வந்தது. இயந்திரம் சட்டைக் கைகளை ஒன்றோடொன்று முறுக்கி அனுப்புவது வழக்கம்தான். சிக்கெடுத்துச் சிக்கெடுத்து அலுத்துப்போனவள், ஒரு வெள்ளைச் சட்டையின் கைநுனியில் இருந்ததையும் சிக்கு என்றே நினைத்தாள். நகத்துக்கு மசியவில்லை. பல்லால் கடித்து அவிழ்த்தாள். பெட்டியை அழுத்தி எடுத்தபோது, கைப்பட்டியில் மங்கலாக மிச்சமிருந்த வைனின் ஊதா நிறம் அவள் கண்ணெதிரே பழுப்பேறியது.

போன மாதம்தான் அவள் ஒரு திரைச்சீலையைக் கருக்கியிருந்தாள். இன்னொரு துணி கெட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். எதுவரை படித்தாய் என்று கேட்காமல் அவளை வேலைக்கு எடுத்த இடம் இது ஒன்றுதான். சட்டையைப் பிடித்தபடி அவள் அப்படியே நின்றாள்.

அக்கா திரும்பிப் பார்த்தார். "கையச் சுட்டுக்கிட்டியா?"

இல்லை என்று தலையசைத்தாள்.

"அப்ப சரி. குடு."

வேறெதுவும் கேட்கவில்லை. கைப்பட்டியைக் குளிர்ந்த நீரில் ஊறவைத்து, கறையை வெளுக்கும் பெராக்சைடில் பாத்திரம் கழுவும் சோப்பைக் கலந்து ஊற்றி, விரலால் மெல்ல அழுத்தினார். காத்திருந்தார். அலசினார். மறுபடியும் ஊற்றினார். மதியச் சாப்பாட்டைத் தொட்டி ஓரத்திலேயே நின்று சாப்பிட்டார். "மெதுவாவே கிளம்புங்க. அவசரமெல்லாம் எங்களுக்குத்தான்" என்று கறையிடம் சொன்னார்.

கடைக்காரர் உள்ளே வந்தார். சட்டையின் மற்றக் கையில் கத்திபோல் விழுந்திருந்த மடிப்பு அவர் கண்ணில் பட்டது.

"என்னக்கா, கறையோட பெட்டி போட்டாச்சா? முடிச்சு போடலையா?"

நான்தான் என்ற சொல் அவள் உதடு வரை வந்து நின்றது.

"போட்டேன். பேருக்குப் போட்டிருப்பேன்போல" என்றார் அக்கா, தலையை நிமிர்த்தாமல். "விரல் முன்ன மாதிரி இறுக மாட்டேங்குது."

"உங்க முடிச்சா?" அவர் அக்காவைப் பார்த்தார், மேசைப் பக்கம் பார்த்தார். "சாயங்காலம் ஆள் வந்துருவாரு. அதுக்குள்ள போயிருமா?"

"கிளம்பிட்டாங்க. வழியனுப்பிட்டிருக்கேன். நீங்க நடுவுல நிக்காதீங்க."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வெளியே போனார்.

அடுத்த ஊறலில் பழுப்பு மஞ்சளாயிற்று. அதற்கடுத்ததில் மஞ்சளும் போயிற்று. அக்கா கைப்பட்டியைச் சன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டுக் கடைக்காரரைக் கூப்பிட்டார். அவர் விரலால் தடவிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடியும் பார்த்தார். பிறகு சட்டையை அவளிடமே நீட்டினார். "காலரைப் பாத்துத் தேய்ம்மா. நாளைக்கு ஹோட்டல் விரிப்பு நிறைய வருது, கொஞ்சம் சீக்கிரம் வந்துரு."

அக்கா தொட்டியைக் கழுவிவிட்டார். தண்ணீரிலேயே கிடந்த விரல்கள் வெளுத்துச் சுருங்கிப் போயிருந்தன. அவற்றை முந்தானையில் துடைத்துக்கொண்டு, அடுத்த மூட்டையை அவிழ்க்கப் போனார்.

அவள் ஏதாவது சொல்ல வேண்டும் என்று நினைத்தாள். உலர்ந்த பருத்தித் துண்டு ஒன்றை எடுத்து மேசையில் விரித்து, இஸ்திரிப்பெட்டியை அதன்மேல் இப்படியும் அப்படியும் ஓட்டினாள். துண்டைத் தன் கன்னத்தில் வைத்துச் சூடு பார்த்தாள். பிறகு தொட்டிப் பக்கம் போய், அக்காவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்து, அந்தத் துண்டால் சுற்றினாள்.