கண்ணாடி ஓட்டுக்குக் கீழே வேலம்பாசி

நாங்கள் வேலை செய்த தோல் ஷாப்பின், அதாவது தோல் பதனிடும் ஆலையின், புகைபோக்கியை இடி விழுந்து பிளந்ததே, அதற்கு அடுத்த தை மாதம். கல்யாணமாகி என் மனைவி ஆம்பூருக்கு வந்த புதிது. ஷாப்புக்குத் திராவகம் வந்த பெரிய கண்ணாடி ஜாடி ஒன்று கழுத்து உடைந்து கிடந்தது. கேட்டு வாங்கி வந்து, நன்றாகக் கழுவி, அவளிடம் கொடுத்தேன். அரிசி கொட்டி வைப்பாள் என்று பார்த்தால், ஆற்று மணலைப் பரப்பி, வேலம்பாசி நட்டு, கெண்டைக் குஞ்சுகளை விட்டு, அடுப்படி மூலையில் வைத்துவிட்டாள். பாசி அவள் பிறந்த ஊரான விரிஞ்சிபுரத்து ஊற்றுக்காலில் இருந்து வந்தது. அந்தத் தண்ணீரில் பருப்பு வேகும் வேகம் வேறெங்கும் கிடையாது. அது கிடக்கட்டும்.

அம்மாவுக்கு ஜாடியே பிடிக்கவில்லை. பாசி மஞ்சளாகி உதிர ஆரம்பித்ததும் கேட்கவே வேண்டாம்.

“ஊட்டுக்குள்ள மீனு செத்து மெதந்தா ஆவாது. ஒண்ணு செத்தாலும் ஜாடி தெருவுக்குப் போய்டும், சொல்ட்டேன்.”

என் மனைவிக்கு முகம் சுருங்கிவிட்டது. புகுந்த வீட்டில் அவளுக்கென்று இருந்தது அந்த ஜாடி ஒன்றுதான்.

அவளுக்கு உதவப் போனார் என் அண்ணன். அவர் ஷாப்பில் தோலை ஊறவைக்கும் சுண்ணாம்புக் குழியில் வேலை செய்தவர். தோலில் இருந்து வழித்த முடியை எங்கள் பக்கம் தென்னைக்கு எருவாகப் போடுவார்கள். அதில் ஒரு கைப்பிடி கொண்டுவந்து, பாசியின் வேரடியில் புதைத்துவிட்டார்.

“தென்னைக்குப் போட்டா கொல கொலயா காய்க்குது. பாசிக்கு ஆவாதா இன்னா?”

மறுநாள் தண்ணீர் வெளுத்து நாறியது. மீன்கள் மேலே வந்து காற்றுக்காக வாயைப் பிளந்தன.

“ஏன்டா, பாசியில தேங்கா பறிக்கலாம்னு பாத்தியா?” என்றாள் அம்மா.

மனைவி மீன்களைக் குடத்துக்கு மாற்றினாள். மணலை அலசினாள். அழுகியதைக் கிள்ளிப் போட்டு, பச்சை நுனிகளை மட்டும் திரும்ப நட்டாள். ஜாடியைக் கூடத்துக்குக் கொண்டுவந்து, கூரையில் கண்ணாடி ஓடு பதித்த இடத்துக்கு நேர் கீழே வைத்தாள்.

“ஊத்துக்கால்ல வெளிச்சம் ஜாஸ்தி. அடுப்படி இருட்டா கீது, பாவம்.”

மீன் எதுவும் சாகவில்லை. சில நாள் கழித்து, உச்சி வேளையில் அம்மா கூப்பாடு போட்டாள்.

“டேய், இங்க வாடா! பாசி மூச்சு வுடுது பாரு!”

இலைகளில் முத்து முத்தாகக் காற்றுக் குமிழிகள் கிளம்பி மேலே ஓடிக்கொண்டிருந்தன. அம்மா ஜாடி முன்னால் குந்தியபடி, எட்டிப் பார்க்க வந்த அண்ணனை அதட்டினாள்.

“நீ கிட்ட வராத! என் மருமவ மட்டும்தான் இதுல கை வெக்கணும்.”

உங்கள் தெருவில் யாராவது மீன் ஜாடி வைத்துவிட்டு, பாசி பழுக்கிறது என்று புலம்பினால், எரு வேண்டாம், வெளிச்சம் படுகிற இடத்தில் வைக்கட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.