பதின்மூன்றாம் சங்கிலி

அறுபத்தாறு அடி தள்ளி, சங்கிலியின் மறுமுனையைப் பிடித்தபடி ஒரு மனிதர் தன்னந்தனியாகச் சிரித்துக்கொண்டு நிற்கிறார். வெயில் உச்சியைப் பிளக்கிறது. சுற்றிலும் உழுது போட்ட வயல். கண்ணுக்கெட்டிய தூரம் வரை சிரிப்பதற்கு ஒன்றுமே இல்லை. அவர் எனக்கு எப்போதும் இப்படித்தான் நினைவுக்கு வருகிறார். எதைக் கண்டு சிரிக்கிறார் என்று நான் கேட்பதில்லை. கேட்டால் சொல்லிவிடுவார், சொல்லத் தொடங்கினால் ஒரு நாழிகை போய்விடும். ஆகவே இந்த முனையிலிருந்து "இழுத்துப் பிடியும்வே!" என்று கத்துவேன். அவரும் உடனே இழுத்துப் பிடிப்பார். சிரிப்பை மட்டும் விடமாட்டார்.

இது நடந்து பத்து ஆண்டுகள் ஆகியிருக்கும். அம்பாசமுத்திரத்துக்கு ரயில் வந்த புதிது. நான் நில அளவை வேலையில் சேர்ந்து மூன்று மாதமே ஆன பயிற்சிக்காரன். எங்கள் வீட்டில் பேனா பிடித்த முதல் கை என்னுடையது. அப்பா பிறர் நெல்லை ஏற்றிக் கூலிக்கு வண்டி ஓட்டியவர். பெருவிரலை மையில் தோய்த்தே காலம் கழித்தவர். பாளையங்கோட்டை மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்த ஆண்டுகளில் அவர் ஒருநாளும் புது வேட்டி கட்டியதில்லை. வேலை கிடைத்த அன்று, தெருவில் எதிர்ப்பட்டவரையெல்லாம் நிறுத்தி, "எம் மவன் சர்க்கார் நெலத்த அளக்கப் போறான்" என்று சொன்னார். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து வந்தவனுக்கு ஒரு பயம் எப்போதும் கூடவே நடக்கும். கொஞ்சம் அசந்தாலும் இந்த வேலை கை நழுவிப் போய்விடும் என்ற பயம். நின்று கொண்டே சாப்பிடுவேன். மரநிழலைக் கண்டால் விலகி நடப்பேன். சுகம் என்பது படிக்காதவர்களுக்கும் பணக்காரர்களுக்கும் உரியது என்று மனமார நம்பியிருந்தேன்.

எனக்கு வாய்த்த சங்கிலிக்காரரோ சுகத்தையே பிழைப்பாகக் கொண்டவர். நாற்பத்தைந்து வயதிருக்கும். எழுத்து தெரியாது. மத்தியானம் சோற்றுப் பானையின் வாய்க்கட்டை அவிழ்த்தவுடன் சாப்பிட மாட்டார். முதலில் மூக்கை அருகே கொண்டுபோய் அந்தப் புளித்த வாசத்தை ஒருமுறை இழுத்துக்கொள்வார். வெங்காயத்தைக் கையால் ஒரே குத்தில் உடைப்பார். சாப்பிட்டு முடிந்ததும் தலைத்துண்டின் மடிப்பிலிருந்து ஒரு கோழி இறகு வெளிப்படும். அதைக் காதுக்குள் விட்டு மெல்லத் திருகும்போது ஒரு கண் தானாக மூடிக்கொள்ளும், வாய் ஒரு பக்கமாகக் கோணிக்கொள்ளும். அந்த நேரத்தில் கலெக்டர் துரையே குதிரையில் வந்து நின்றாலும் அவருக்குத் தெரியாது. "அய்யா, ஒரு தடவ விட்டுப் பாருங்க. சொர்க்கத்துல இதத்தான் குடுக்காவளாம்" என்று இறகை என்னிடம் நீட்டுவார். நான் அளவைப் புத்தகத்தில் முகத்தைப் புதைத்துக்கொள்வேன்.

அளக்கும் முறை எளிது. முன்னால் போகிறவர் சங்கிலியை இழுத்துக்கொண்டு போய், அது விறைத்து நிற்கும் இடத்தில் ஓர் இரும்புக் கம்பியைத் தரையில் ஊன்ற வேண்டும். பின்முனையைப் பிடித்திருப்பவர் அந்தக் கம்பி வரை வந்து அதைப் பிடுங்கிக்கொள்ள, முன்னவர் அடுத்த கம்பியை ஊன்றப் போவார். பின்னவர் கையில் எத்தனை கம்பி சேர்ந்திருக்கிறதோ அத்தனை சங்கிலி தூரம். பத்து சேர்ந்ததும் புத்தகத்தில் எழுதிக்கொண்டு, கம்பிகளை முன்னவரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். வழியில் மடை, மரம், வரப்பு முனை என்று எது வந்தாலும் அது எத்தனையாவது சங்கிலியில் வருகிறது என்று குறிக்க வேண்டும். இவ்வளவுதான்.

ஒரு நீண்ட நேர்கோட்டை அளந்த அன்று, வழக்கமாகப் பின்முனை பிடிக்கும் ஆள் காய்ச்சலில் படுத்துவிட்டான். நானே பிடித்தேன். எல்லைக்கல்லில் தொடங்கி, நாற்றங்காலைத் தாண்டி, இடையில் ஒரு கால்வாயில் இறங்கி ஏறி, அடுத்த எல்லைக்கல் வரை போக வேண்டும். சங்கிலிக்காரர் வழியெல்லாம் நின்றார். எருமையைப் பார்த்து நின்றார். நாற்றுப் பறிக்கிற பெண்களோடு வாயாடி நின்றார். கால்வாய்க்குள் இறங்கி முழங்கால் தண்ணீரில் நின்றவர், ஏறவே மனமில்லாதவர்போல் கண்ணை மூடிக்கொண்டார். "என்னவே, குளிக்கப் போறீரா? ஏறும், ஏறும்!" என்று தோளைத் தொட்டு விரட்டினேன். சாயங்காலத்துக்குள் கோட்டை முடித்ததில் எனக்குப் பெருமை.

மூன்று வாரம் கழித்து அளவுகளை வைத்து வரைபடம் போட உட்கார்ந்தபோது கோடு எல்லைக்கல்லைத் தொடவில்லை. மீண்டும் போட்டேன். தொடவில்லை. சரியாக ஒரு சங்கிலி குறைந்தது. பதினெட்டு இருக்க வேண்டிய இடத்தில் என் புத்தகம் பதினேழு என்றது. எந்த இடத்தில் ஒன்று விட்டுப்போனது என்று தெரிந்தால் அதற்குப் பிந்தைய எண்களையெல்லாம் ஒவ்வொன்று கூட்டித் திருத்திவிடலாம். தெரியாவிட்டால் கோடு முழுவதுமே குப்பை. திரும்ப அளக்கவும் வழியில்லை. அதற்குள் கார் சாகுபடிக்குத் தண்ணீர் பாய்ச்சி, வயலெல்லாம் நடவு முடிந்து பச்சையாக நின்றது; அதற்குள் சங்கிலியோடு இறங்கினால் ஊரே மண்வெட்டியோடு வரும். மேலதிகாரியோ மூன்று நாளில் வேலையைச் சோதிக்க வரவிருந்தார். பயிற்சிக்காரன் போட்ட கோடு குப்பையானால் அவனுக்கு வீட்டுக்குச் சீட்டு என்பது எல்லோரும் அறிந்தது. தெருவில் ஆட்களை நிறுத்திப் பேசிய அப்பாவின் முகம் கண்முன் வந்தது.

பயந்தவன் முதலில் தேடுவது தவற்றை அல்ல, ஆளை. எனக்கு ஆள் தயாராக இருந்தார். வழியெல்லாம் பராக்குப் பார்த்தவர் அவர்தானே? அன்று காலையே மேலதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். சங்கிலிக்காரர் கவனக் குறைவானவர், அளவில் நேர்ந்த பிழை அவரால் வந்தது, அவரை நீக்கி வேறு ஆள் தர வேண்டும். என் வாழ்நாளில் அவ்வளவு அழகான கையெழுத்தில் நான் எதையும் எழுதியதில்லை. உறையை ஒட்டி, அதைத் தபாலில் சேர்த்துவிட்டு வரும்படி அவர் கையிலேயே கொடுத்தேன். வேறு ஆள் இல்லை. அவருக்குப் படிக்கவும் தெரியாது. "பத்திரமா கொண்டு போவும்" என்று வேறு சொன்னேன்.

போக நான்கு மைல், வர நான்கு மைல். பொழுது சாய்வதற்குள் திரும்பிவிட்டார். மேற்கே மலையிலிருந்து சாரல் இறங்கியிருந்தது, துண்டெல்லாம் ஈரம். மடியை அவிழ்த்து, என் மேஜைமேல் ஒரு வாழையிலைக் கிழிசலில் நாவல் பழங்களைக் கொட்டினார்.

"காயிதத்தப் போட்டுட்டேன், அய்யா. பழம் தின்னுங்க. மரத்தடியில உதுந்து கெடந்துது. மண்ண ஊதிட்டேன்."

என்னால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஒரு பழத்தை எடுத்து வாயில் போட்டுக்கொண்டேன். அவர் தரையில் உட்கார்ந்து, வழக்கம்போலக் கேட்காமலே பேசத் தொடங்கினார்.

"வரும்போது நாம அளந்தோம்லா, அந்த வழியாத்தான் வரப்பு மேல வந்தேன். எல்லாம் மாறிப்போச்சு. மூணாஞ் சங்கிலியில எருமை மேல ஒரு கொக்கு, கல்யாண மாப்பிள கணக்கா உக்காந்துருந்துதுல்லா? இன்னைக்கு எருமை மட்டும் நிக்கி, மாப்பிளயக் காணும். பன்னெண்டுல மடைக்கல்லுகிட்ட அந்தப் பொம்பளைய நாத்துப் பறிச்சாவ பாருங்க, அதுல ஒருத்தி, 'ஏ மீசைக்காரரே, ஒம்ம மீசைய இங்கன நட்டா ஒரு மரக்கா நெல்லு வெளையும்'னா. இன்னைக்கு அவ நடவு முடிச்சுட்டு வாரா. என்னப் பாத்ததும் வாயப் பொத்திக்கிட்டுச் சிரிக்கா. பதிமூணுல கால்வா. அடடா, என்ன குளுச்சி! அன்னைக்கு நின்ன மாதிரியே இன்னைக்கும் செத்த நேரம் நின்னேன். பதினாலுல மருத மரம், அதுல…"

"என்ன சொன்னீரு? மருத மரம் எத்தனாவது?"

"பதினாலு."

புத்தகத்தைப் புரட்டினேன். பன்னிரண்டில் மடைக்கல். பதின்மூன்றில் மருத மரம் என்று என் கையெழுத்து நின்றது.

"நல்லா யோசிச்சுச் சொல்லும். கால்வாய்க்குள்ள கம்பி ஊனினீரா?"

"அங்கன எப்படி ஊன? அடியில பூராவும் கல்லுத் தரை, கம்பி எறங்காது. அதான் சங்கிலி முடிஞ்ச எடத்துல நானே கம்பியா நின்னேன். நீங்க வந்து தோளத் தொட்டுட்டு, ஏறும் ஏறும்னிய. நானும் ஏறிட்டேன்." அவர் என் முகத்தைப் பார்த்துச் சற்று தயங்கினார். "என்னையும் சேத்து எண்ணிருப்பியன்னுல்லா நெனச்சேன்."

என் நாக்கில் நாவல் பழத்தின் துவர்ப்பு இருந்தது. இன்றும் அந்தப் பழத்தைக் கடித்தால் அவர் சொன்ன அந்த ஒரு வாக்கியம்தான் எனக்குக் கேட்கிறது.

மறுநாள் விடிந்ததும் இருவரும் போனோம். மடைக்கல்லிலிருந்து மருத மரம் வரை வரப்பையும் கால்வாயையும் தொட்டு, நடவை மிதிக்காமல் அளந்தோம். இரண்டு சங்கிலி. என் புத்தகத்தில் இருந்தது ஒன்று. அவர் சந்தோஷத்தில் கால்வாய்த் தண்ணீரை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். கோடு பிழைத்தது. ஆனால் என் கடிதம் அதற்குள் ரயிலேறியிருக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அதற்கடுத்த நாள் மேலதிகாரி வந்தார். குட்டையான, சளைக்காத மனிதர். வந்தவுடன் சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார். சங்கிலிக்காரர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார்.

"ஆளை மாத்தணும்னு எழுதியிருக்கீரே. இவர்தானா?"

வாய்விட்டு ஒன்றும் சொல்லாமல் இருந்திருந்தால்கூட என் வேலை தப்பியிருக்கும். வரைபடம்தான் சரியாகிவிட்டதே! அவருடைய வேலை போயிருக்கும், அவ்வளவுதான். கதவோரம் நின்றவர் என்னைப் பார்த்து, நான் ஏதோ நல்ல செய்தி சொல்லப் போகிறேன் என்பதுபோலத் தலையாட்டினார்.

"தப்பு என்னுடையது. மாற்றுவதென்றால் என்னைத்தான் மாற்ற வேண்டும்" என்று சொன்னேன். கால்வாயில் நடந்ததை முழுவதும் சொன்னேன். எப்படிக் கண்டுபிடித்தேன் என்று கேட்டார். கொக்கையும் மீசையையும் அரசாங்க அதிகாரியிடம் எப்படிச் சொல்வது? சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. புத்தகத்தில் பதின்மூன்று என்ற எண்ணைச் சிவப்பு மையால் தாமே அடித்துப் பதினான்கு ஆக்கினார்.

"எதிர்ல நின்ன மனுசனையே எண்ணத் தெரியல ஒமக்கு. நெலத்த என்னத்த எண்ணப் போறீரு?" என்றார். எனக்குப் பயிற்சிக் காலம் இன்னும் ஆறு மாதம் நீண்டது. சங்கிலிக்காரருக்கு எதுவும் ஆகவில்லை. அந்த ஆறு மாதமும், அதற்குப் பின் நான்கு ஆண்டுகளும், சங்கிலியின் மறுமுனையில் அவர்தான் இருந்தார்.

இப்போது எனக்குக் கீழே பலர் வேலை செய்கிறார்கள். நாற்காலியும், வேலையாள் கயிறு இழுக்கத் தலைக்கு மேல் ஆடும் விசிறியும் உண்டு. உட்கார்ந்து சாப்பிடுகிறேன், மூடியைத் திறந்ததும் ஒரு கணம் மணத்தை இழுத்துக்கொள்கிறேன். மழை வருமுன் மண் கறுப்பதையும், சுடச்சுட வந்த காப்பியின் முதல் மிடறையும், செருப்பைக் கழற்றிய பின் கால் விரல்கள் விரிவதையும் தவறவிடுவதில்லை. இதெல்லாம் வேலையைக் கெடுக்கவில்லை. உள்ளபடி சொன்னால், மனிதர் ஓர் இடத்தை மறக்காமல் வைத்துக்கொள்வதே இவற்றால்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. நான் எண்களாகக் கடந்துவந்த அந்தக் கோட்டில் அவர் ஒவ்வொரு சங்கிலியிலும் இருந்திருக்கிறார். இந்த வேலையும் சோறும் எனக்குத் தங்கியது அதனால்தான்.

அன்று மேலதிகாரி போன பிறகு நாங்கள் இருவரும் வரப்பில் நடந்து வந்தோம். அவர் பேசாமல் நடந்து நான் பார்த்தது அந்த ஒரு நாள்தான். கடைசியில், முன்னால் பார்த்தபடியே கேட்டார்.

"அய்யா, அன்னைக்கு நான் தபாலுக்குக் கொண்டு போனது அந்தக் காயிதந்தானா?"

"ஆமாம்" என்றேன். மன்னிப்புக் கேட்கச் சொல் தேடினேன். படித்த படிப்பில் ஒன்றும் அகப்படவில்லை.

இன்னும் பத்தடி நடந்தார். பிறகு தோள் குலுங்கத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பதறிப் பார்த்தால், சிரிக்கிறார்.

"சாரல் புடிச்சுக்கிட்டு. பத்திரமா கொண்டு போகச் சொன்னியளேன்னு துண்ட அவுத்து அத மூடிக்கிட்டு, நான் நனைஞ்சுக்கிட்டே போனேன். மொதல்லயே சொல்லியிருந்தா, கொஞ்சம் நனைய விட்டிருப்பேம்லா!"