மிரர் கேப்புக்குப் பின்னால் ஒரு முகம்

1. நான்காவது மூலை

ஆம்பூரில் ஒரு தோல் தொழிற்சாலையின் விருந்தினர் அறை. நான் தனிப் பொறுப்பில் எடுத்த முதல் வேலையின் கடைசிப் படம் சுவரில் ஏறிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை தோல் வாங்க வெளிநாட்டு பையர்கள் வருகிறார்கள். ஃபிட்டர் செல்வம் அண்ணா மூன்று மூலைகளை முடித்துவிட்டு, நான்காவது மூலையில் ஸ்க்ரூவின் மேல் வட்டமான மிரர் கேப்பைத் திருகினார். நான் இரண்டடி பின்னால் வந்து பார்த்தேன். படத்தில் ஓர் ஆளைக் காணவில்லை.

அது வெள்ளைக்காரர் காலத்து விருந்துப் படம். நீண்ட மேசை, துரைமார்கள், துரைசானிகள், மேசைக்கடியில் ஒரு நாய். அவர்கள் தலைக்கு மேலே பங்கா என்கிற பெரிய துணி விசிறி. அதன் கயிறு சுவரைத் தாண்டி வெளியே வந்து, இடது கீழ் மூலையில், வராந்தாவில் தனியாக உட்கார்ந்திருப்பவரின் கையில் முடியும். இப்போது கயிறு இருந்தது, கையும் இருந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் எஃகு வட்டம் பளபளத்தது.

"அண்ணா, அந்தக் கேப்பக் கழட்டுங்க."

கழற்றினார். உள்ளே ஸ்க்ரூ, அதைச் சுற்றித் துளை.

"இன்னாம்மா, கரெக்டா மூஞ்சியப் பாத்து ஓட்ட போட்டு வச்சிருக்க?" என்று சிரித்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார். "விடும்மா. கேப்ப மாட்டிட்டா எவனுக்குத் தெரியப் போவுது?"

2. அணைத்து வைத்த லேயர்

எங்கள் கம்பெனி வேலூரில் இருக்கிறது. பழைய ஓவியங்களையும் புகைப்படங்களையும் அலுமினியத் தகட்டில் பிரிண்ட் செய்து ஓட்டல், ஆஸ்பத்திரி, அலுவலகச் சுவர்களில் மாட்டுவது எங்கள் தொழில். படத்தை முதலில் டிரான்ஸ்ஃபர் பேப்பரில் எடுத்து, தகட்டின் மேல் வைத்து ஹீட் பிரஸ்ஸில் அழுத்துவோம். சூட்டில் கலர் தகட்டின் மேல்பூச்சுக்குள் இறங்கிவிடும். அதற்குப் பிறகு அழிக்கவோ ஒட்டுப்போடவோ முடியாது.

ஸ்க்ரூவுக்கான நான்கு துளைகளும் கம்ப்யூட்டரில் தனி லேயரில் இருக்கும். எல்லாப் படத்துக்கும் ஒரே டெம்ப்ளேட். கஸ்டமரின் ஒப்புதலுக்கு ப்ரூஃப் அனுப்பும்போது படம் அழகாகத் தெரிய வேண்டும் என்று அந்த லேயரை அணைத்துவிடுவோம். நானும் அணைத்தேன். பிறகு அதை ஆன் செய்து பார்க்காமலேயே டிரில்லிங்குக்கு அனுப்பிவிட்டேன். தவறு என்னுடையது மட்டுமே.

எங்கள் வீட்டில் பத்தாவது தாண்டிய முதல் ஆள் நான். டிகிரி வாங்கிய முதல் ஆளும் நானே. அதில் எனக்குப் பெருமை உண்டு, மறைக்க மாட்டேன். ஆபீஸில் மற்றவர்கள் மதியம் சேர்ந்து பிரியாணிக் கடைக்குப் போவார்கள், அல்லது ஹாலில் கூடிச் சாப்பிடுவார்கள். முதல் நாள் யாரும் கூப்பிடவில்லை. அப்புறம் நானும் எதிர்பார்க்கவில்லை. சாம்பிள் ரூமில் தகடுகளுக்கு நடுவே டப்பாவைத் திறப்பேன். பார்ட்டிஷனுக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். என்ன ஜோக் என்று தெரியாது.

3. இரண்டு முதலாளிகள்

என் முதலாளிக்கு ஃபோன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"மேசைல உக்காந்திருக்கவங்க மூஞ்சியெல்லாம் சரியா வந்திருக்கா?"

"வந்திருக்கு சார்."

"அப்புறம் இன்னா? வாய மூடிக்கினு வா."

மாலையில் தொழிற்சாலை முதலாளி வந்தார். ஒவ்வொரு படமாகப் பார்த்து, "மாஷா அல்லா, ஜோரா இருக்கும்மா," என்றார். தலையாட்டிவிட்டுக் கிளம்பியிருக்கலாம். செல்வம் அண்ணா டூல் பையை மூடிவிட்டார்.

"சார், இந்தப் படத்துல ஒரு தப்பு நடந்துபோச்சு," என்றேன்.

"எங்க? எனக்கு ஒண்ணும் தெரியலையே."

கேப்பைக் கழற்றிக் காட்டினேன். அவர் தோலைச் சோதிப்பது போல, துளையின் விளிம்பில் விரலை வைத்துத் தடவினார்.

"யாரு இந்த ஆளு?"

"பங்கா இழுக்கிறவரு சார்."

"ஆர்டர் குடுக்கும்போது நான் இவர கவனிக்கவே இல்ல."

"நானுந்தான் சார்."

துளையிலிருந்து விரலை எடுத்தார். "நாளைக்கு பையர் வர்றான். செவுரு காலியா இருந்தா எனக்கு பேஜாரு. இது இப்டியே இருந்தா உனக்கு பேஜாரு. அப்டித்தானே?"

"ஆமா சார்."

"ஓட்டத் தோலுன்னு தெரிஞ்சே மடிச்சு அடியில வச்சு அனுப்புனா, அப்புறம் எவன் என்னை நம்புவான்? கழட்டி எடுத்துக்கினு போ. ஆனா உங்க சாருக்கு நான் ஃபோன் பண்ணுவேன்."

செய்தார்.

4. காலிச் சுவர்

அன்று வீட்டுக்குப் போனதும் அம்மா கேட்டார். அவர் ஷூ கம்பெனியில் செக்கிங் லைனில் இருக்கிறார்.

"எல்லாம் மாட்டிட்டியா? போட்டோ அனுப்பு, லைன்ல எல்லார்கிட்டயும் காட்டணும்."

"மாட்டிட்டேம்மா," என்றேன். மற்ற படங்களின் போட்டோவை அனுப்பினேன். தகட்டில் படம் எப்படி ஏறுகிறது என்பதையே வீட்டில் யாருக்கும் நான் புரியவைத்ததில்லை. ஒரு துளையைப் பற்றி எங்கிருந்து தொடங்குவது?

மறுநாள் என் முதலாளி கேட்டார்: "கஸ்டமருக்கே தெரியல. ஒன்ன யாரு சொல்லச் சொன்னா?"

"எனக்குத் தெரிஞ்சிடுச்சு சார்."

அடுத்து வரவிருந்த ஏலகிரி ரிசார்ட் வேலை வேறொருவருக்குப் போனது. என்னைப் பழையபடி ப்ரூஃப் எடுக்கும் வேலையில் உட்கார வைத்தார்கள்.

விருந்துப் படத்தை மறுபடி பிரிண்ட் எடுக்கும் பொறுப்பு மட்டும் என்னிடமே இருந்தது. இந்த முறை துளை கிடையாது, பின்பக்கம் கொக்கி. அப்போதுதான் அந்த முகத்தைத் திரை நிறையப் பெரிதாக்கிப் பார்த்தேன். கை கயிற்றைப் பிடித்திருக்க, தலை மட்டும் சுவர்ப் பக்கம் லேசாகச் சாய்ந்திருந்தது. உள்ளே என்ன பேசிச் சிரிக்கிறார்கள் என்று காதுகொடுப்பவரைப் போல. அந்தச் சாய்வு எனக்குத் தெரியும்.

ஆம்பூரில் அதை மாட்டி முடித்ததும் போட்டோ எடுத்து அம்மாவுக்கு அனுப்பினேன். பஸ்ஸில் வரும்போது ஃபோன் வந்தது.

"ஓரத்துல தனியா உக்காந்துகினு இருக்காரே, யாரு அவரு?" என்றார் அம்மா. மேசையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலூர் வரும்வரை துளை விழுந்த அந்த முதல் தகட்டின் கதை முழுவதையும் அம்மாவிடம் சொல்லிக்கொண்டே வந்தேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். துளை லேயரை ஆன் செய்துவிட்டு ப்ரூஃப் பாருங்கள். பார்க்கும்போது நடுவிலிருந்து அல்ல, மூலையிலிருந்து தொடங்குங்கள்.