மூன்று சீட்டு, ஒரே கண்ணாடி

எலப்புள்ளி பக்கத்து ஃபேக்டரி ஒன்றில் நான் இன்ஸ்ட்ருமென்ட் டெக்னீஷியனாக இருந்தேன். ரிட்டயராவதற்கு முந்தைய வருஷம் நடந்தது இது.

பாய்லரில் தண்ணீர் குறைந்தால் தானாக நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச், அன்று காலை பழுதாகிவிட்டது. புதியது வர மாலையாகும். அதுவரை ஓட்டலாமா, நிறுத்தலாமா?

மேதாவி நான்தான் வழி சொன்னேன். பெரிய பிளான்ட்களில் மூன்று சென்சார் வைத்து, இரண்டு சொல்வதை ஏற்பார்கள். அதேபோல ஆபரேட்டர் துரைசாமி, ஷிஃப்ட் இன்சார்ஜ், நான் மூவரும் தண்ணீர் மட்டத்தைத் தனித்தனியாகப் பார்த்து, ஓட்டலாமா வேண்டாமா என்று யாருக்கும் காட்டாமல் சீட்டில் எழுதுவது.

"ஒருத்தர் பத்துல ஒரு தடவை தப்புப் பண்ணினாலும், மூணு பேரும் சேர்ந்து தப்புப் பண்றது ஆயிரத்துல ஒண்ணுதாங்க சார்" என்றேன். மேனேஜர் அசந்துபோனார். நானும்தான்.

மூன்று சீட்டிலும் 'ஓட்டலாம்'.

அதைச் சொல்லிக்கொண்டே நாங்கள் பாய்லர் பக்கம் வந்தபோது, அதன் வாயருகே சாம்பல் அள்ளிக்கொண்டிருந்த பழனியம்மாள் நிமிர்ந்தார். "ஏனுங்க, கண்ணாடிக் குழாய்ல தண்ணி காத்தால இருந்து ஒரு நூலும் ஆடலைங்களே. கொதிக்கற தண்ணி சும்மா நிக்குங்களா?"

"உங்களுக்குச் சீட்டுக் குடுக்கலைன்னு கோவமாக்கா?" என்றார் துரைசாமி.

பலமாகச் சிரித்தேன். சிரிப்பு பாதியில் நின்றது. நாங்கள் மூவரும் பார்த்தது, பாய்லருக்குள் தண்ணீர் எவ்வளவு என்று காட்டும் அந்த ஒரே கண்ணாடியைத்தான்.

ஓடிப்போய் அதன் ஆவி வழியை மூடி, அடித் திருகைத் திறந்தேன். ஒரு வாய்த் தண்ணீர் கொட்டியது. திருகை மூடினேன். பாய்லரிலிருந்து கண்ணாடிக்குள் திரும்ப ஏறவேண்டிய தண்ணீர் ஏறவே இல்லை.

"அடுப்பு ஃபேனை நிறுத்துங்க! விறகு போடாதீங்க! அக்கா, வெளிய ஓடுங்க!" கத்தியது நான்தான்.

ஆறியபின் திறந்து பார்த்தோம். கண்ணாடிக்குத் தண்ணீர் வரும் துளையை உப்பு அடைத்திருந்தது. உள்ளே நெருப்புக் குழாய்களின் மேல்வரிசை தண்ணீருக்கு வெளியே கிடந்தது. தண்ணீர் குறைகிறதென்று அப்போது யாராவது பம்பைப் போட்டிருந்தால், பழுக்கக் காய்ந்த அந்தக் குழாய்கள்மேல் தண்ணீர் பட்டு பாய்லர் வெடித்திருக்கும்.

"மூணுக்கு மூணு ஓட்டு வந்துச்சேய்யா?" என்றார் மேனேஜர்.

"இல்லைங்க சார். ஒரே ஓட்டு. மூணு கையெழுத்துல எழுதிட்டோம்."

தம்பிகளே, எத்தனை பேர் சொன்னார்கள் என்று எண்ணுமுன், ஒவ்வொருவரும் எதைப் பார்த்துச் சொன்னார் என்று கேளுங்கள். என் ஆயிரத்தில் ஒன்று, அன்று பத்தில் ஒன்றாகத்தான் இருந்தது.

இதைப் பழனியம்மாளுக்கும் விளக்கப் போனேன். அவர் சாம்பல் கூடையைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்திருந்தார்.

"கணக்கு இருக்கட்டுங்க. நான் பாய்லர் வாயிலயே நின்னேனுங்க. சீட்டு எழுதறப்ப நீங்க மூணு பேரும் எங்கீங்க நின்னீங்க?"

"ஆபீஸ் ரூம்லீங்க அக்கா."