எது சிக்கியது?

இரண்டு வாரத்துக்கு முந்தைய சனிக்கிழமை. ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து ஏரிக்கு, விடிந்ததும் தூண்டிலோடு போய்விட்டேன். கொஞ்ச நேரத்தில் மனைவி சித்ராவிடமிருந்து போன்.

"என்னங்க, சிக்குச்சா?"

"சிக்கிடுச்சு சித்ரா... எல்லாமே சிக்கிடுச்சு."

நான் சொன்னது மீனை அல்ல, தூண்டில் நரம்பை!

தூண்டில் முள், நரம்பு, கோர்க்கும் வளையம் – இதையெல்லாம் வீட்டிலேயே முடிச்சுப் போட்டுத் தயாராக எடுத்துப் போவது என் வழக்கம். 'ரிக்' என்பார்கள். ஒன்று அறுந்தால் அடுத்ததை மாட்டிவிடலாம். டப்பாவைத் திறந்தால், அத்தனை ரிக்கும் ஒரே பந்தாகக் கிடந்தது. அதைப் பிரித்து முடிப்பதற்குள் வெயில் ஏறி, மீன்கள் ஆழத்துக்குப் போய்விட்டன.

சித்ரா என்ன செய்தாள்? மசாலா அரைத்தாள். இர்விங்கில் இருக்கும் சேவியர் குடும்பத்தைச் சாப்பிடக் கூப்பிட்டாள். சேவியர் தூத்துக்குடிக்காரர். மீன் குழம்பு என்றதும் ஃப்ரீவேயில் பறந்து வந்து, முருங்கைக்காய் குழம்பு சாப்பிட்டுவிட்டுப் போனார். எனக்கு மானமே போய்விட்டது. "அடுத்த சனிக்கிழமை நிச்சயம் மீன்தான்" என்று வாக்குக் கொடுத்தேன்.

ஆனால் ஒரு கேள்வி மட்டும் மண்டையைக் குடைந்தது. ரிக்குகளை நீளவாக்கில், ஒழுங்காகத்தான் அடுக்கி வைத்தேன். மூடிய டப்பாவுக்குள் யார் புகுந்து சிக்கலாக்கினார்கள்?

தனித்தனி ஜிப்லாக் பையில் போட்டுப் பார்த்தேன். முள் பையைக் கிழித்துக்கொண்டு வந்து பக்கத்துப் பையோடு உறவாடியது. அட்டையில் சுற்றினேன். நுனி நழுவி, மறுபடியும் பந்து.

புதன்கிழமை காலை ஹாலில் ஒரே ரகளை. மகள் நிலாவுக்குச் சித்ரா சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, இட் ஹர்ட்ஸ்."

"பின்னி, நுனியில ரப்பர் பேண்ட் போட்டுட்டுப் படுன்னா கேக்கறியா? நுனியைச் சும்மா விட்டா சிக்கு விழத்தான் செய்யும்."

எனக்குப் பொறி தட்டியது. அட, நுனிதான் குற்றவாளி! கார் குலுங்கும்போதெல்லாம் சும்மா கிடக்கும் நுனி எங்காவது நுழைந்து, முடிச்சாகி வெளியே வருகிறது. இரண்டு நுனியையும் கட்டிப்போட்டால்?

நீச்சல் குளத்தில் நிலா பிடித்துக்கொண்டு மிதக்கும் நுரைக்குழாய் ஒன்று கராஜில் கிடந்தது. அவளிடம் கேட்டுக்கொண்டு துண்டு போட்டேன். முள்ளை நுரையில் குத்தி, நரம்பை இறுக்காமல் சுற்றி, மறுமுனையை ஒரு குண்டூசியால் அடக்கினேன். துண்டுக்கு ஒரு ரிக். டப்பாவை எடுத்து நன்றாகக் குலுக்கினேன். எதுவும் அசையவில்லை. எனக்கு ஏற்பட்ட சந்தோஷத்தை ஆபீஸில் புரமோஷன் வந்தபோதுகூட அனுபவித்ததில்லை.

போன சனிக்கிழமை. ஏரிக்கரையில் குண்டூசியை உருவினால், நரம்பு சமர்த்தாகப் பிரிந்து வந்தது. வெயில் ஏறுவதற்குள் நாலைந்து மீன் ஐஸ் பெட்டிக்குள். ஆனால் மனசெல்லாம் நுரைக்குழாயில்தான்! அப்போது பார்த்து போன்.

"சிக்குச்சாங்க?"

"ஒண்ணுகூட சிக்கல சித்ரா. சூப்பர்."

"...அதுல என்ன சூப்பர்?" போனை வைத்துவிட்டாள்.

மதியம் மீன் பெட்டியோடு வீட்டுக்குள் நுழைகிறேன். சேவியர் குடும்பம் சாப்பிட உட்கார்ந்திருக்கிறது. இலையில் கத்தரிக்காய் சாம்பார், உருளைக்கிழங்கு ரோஸ்ட்.

சேவியர் எழுந்து வந்து பெட்டியைத் திறந்து பார்த்தார். என் நுரைத்துண்டுகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மீனும் கெடக்கு. நரம்பும் சிக்கல. பெறவு எங்க அண்ணாச்சி சிக்கல்?"

சித்ரா என்னைப் பார்க்காமலே அவருக்கு இன்னொரு கரண்டி சாம்பார் ஊற்றினாள்.

"இவர் வாயிலண்ணா."