பட்டாளத்துக் கோக்கி நோபேட்

நோபேட் அங்கிளுக்குப் பத்துப் பேருக்குச் சமைக்கத் தெரியாது. அதை மறைத்து அந்த மனுசனைப் பற்றி எழுத என்னால் முடியாது.

கொட்டாஞ்சேனையில் பழைய பட்டாளத்தார் சங்கம் என்று ஒன்று இருக்கிறது. சந்துக்குள் ஒரு அறை, பின்னால் ஒரு சின்ன வளவு. வேலை முடிந்தால் என் கைவண்டியை அந்த வளவில்தான் விடுவேன். சங்கத்துக் கிழவர்களை எனக்குத் தெரிந்தது அப்படித்தான். இரண்டாம் உலக யுத்தத்தில் வெள்ளைக்காரனின் படையோடு எகிப்து வரை போய் வந்தவர்கள், நாற்பத்தேழாம் ஆண்டு தொடங்கிய சங்கம். ஒரு காலத்தில் இருநூறு பேர் இருந்தார்களாம். தொண்ணூற்றேழில் மிஞ்சியது பதினொரு பேர். தமிழர், முஸ்லிம், சிங்களவர், ஒரு பறங்கியர். எல்லாருக்கும் எழுபது தாண்டிவிட்டது. அதற்காகச் சும்மா இருக்கமாட்டார்கள். நடக்க முடியாதவருக்குச் சக்கர நாற்காலி இரவல் கொடுப்பார்கள். விதவைகளுக்குப் பென்சன் கடிதம் எழுதுவார்கள். தூக்க ஆளில்லாத சவம் என்றால் போய்த் தூக்குவார்கள். வழியில் இரண்டு தரம் இறக்கி வைத்து மூச்சு வாங்குவார்கள், அவ்வளவுதான்.

இத்தனைக்கும் முன்னால் நிற்பவர், பட்டாளத்தில் கோக்கியாகச் சமைத்துப்போட்ட நோபேட் அங்கிள். ஆனால் சங்கத்தில் அவர் உறுப்பினர் இல்லை. பட்டாளத்தை விட்டு வரும்போது கொடுக்கும் புத்தகம் எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டோடு எரிந்துபோயிற்று. புத்தகம் இல்லாதவனைச் சேர்க்கமுடியாது என்பது சட்டம். தலைவர் தில்லைநாதன் ஐயா பழைய கோப்ரல், துறைமுகத்தில் கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். சட்டம் என்றால் அவருக்கு உயிர். மூன்று வருடம் நோபேட் விண்ணப்பம் போட்டார். மூன்று வருடமும் அவர் தள்ளிவிட்டார்.

"புத்தகம் இல்லாமல் எப்பிடி ஐசே நம்புறது? நாளைக்கு மீன்காரனும் வந்து நானும் பட்டாளம் எண்டுவான்."

"அப்ப நான் எகிப்துக்குப் பேரீச்சம்பழம் தின்னவா போனனான்?"

"தின்னத்தான் போன நீ," என்பார் சங்கத்தில் இன்னொருவரான மக்கீன் நானா. "ஒன்ட வகுத்தப் பார்த்தா வெளங்குதே. யுத்தத்தில நீ சுட்டது ரொட்டி மட்டும்தானே."

சிரிப்பார்கள். நோபேட்டும் சிரிப்பார். ஆனால் என்னிடம் ஒருநாள் மனதில் கிடந்ததைச் சொன்னார். உறுப்பினர் ஒருவர் செத்தால் சங்கம் முழுவதும் பதக்கம் குத்திக்கொண்டு பெட்டிக்குப் பின்னால் வரிசையாக நடக்கும். இவருக்குப் பெண்சாதி இல்லை, பிள்ளை இல்லை.

"எனக்குப் பின்னால நாலு பேராவது நேரா நடந்து வரவேணும் தம்பி. குடிச்சிட்டு ஆடி ஆடி வாறவங்களத்தான் எனக்குத் தெரியும்."

அந்த வருடக் கூட்டம் நவம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நாலாவது தரமாக அவருடைய விண்ணப்பம் வருகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்கென்று சந்து முனைக் கடைப் பௌஸி முதலாளி அரை மூட்டை அரிசி அனுப்பியிருந்தார். மூன்று கொத்து மட்டும் அளந்து போட்டுவிட்டு மிச்சத்தை வைக்கும்படி தில்லைநாதன் ஐயா சொன்னார். நோபேட் கோவிலில் இரண்டு பெரிய சட்டி இரவல் வாங்கி, வளவில் கிடங்கு வெட்டி அடுப்பு மூட்டினார். பதினொரு மணிக்கு ஐயா எட்டிப் பார்த்தார். அரை மூட்டையும் சோறாகி இருந்தது. பக்கத்தில் ஒரு அண்டா பருப்பு, பூசணிக்காய்க் கறி, ஒரு குன்று பொரித்த கருவாடு.

"உமக்கென்ன விசரே? பதினொரு பேருக்கு இது ஆர் தின்னுறது?"

"கை பழகிப்போச்சு ஐயா. நூற்றிருபதுக்குக் கீழ எப்பிடிச் சமைக்கிறதெண்டு ஒருத்தரும் எனக்குப் பழக்கேல்ல."

"இண்டைக்கு உம்மட விண்ணப்பத்தை வாசிக்கவே மாட்டன்!"

நோபேட்டின் முகம் செத்துப்போயிற்று. அந்த நேரம் பார்த்து அறை கூட்டும் பழனியம்மா தலைவிரி கோலமாக ஓடி வந்தாள்.

"ஐயாமாரே, லொட்ஜுல இருந்த தமிழ்ப் பொடியன்கள எல்லாம் ஆமிக்காரங்க விடிய அஞ்சு மணிக்கே புடிச்சிட்டுப் போயிட்டாங்க. பள்ளிக்கூட மைதானத்துல குந்த வச்சிருக்காங்க. எம்மவனும் உள்ள. வாயில பச்சத் தண்ணி படல."

எத்தனை பேர் என்று ஐயா கேட்டார். நூறுக்கு மேலே என்றாள். ஐயா சட்டியைப் பார்த்தார், நோபேட்டைப் பார்த்தார். பிறகு, "பதக்கத்தைக் குத்துங்கோ," என்றார்.

என் வண்டியில் சட்டிகளை ஏற்றினோம். முன்னால் பதினொரு கிழவர்கள், இரண்டு வரிசை. பின்னால் பதக்கம் இல்லாத நோபேட், கையில் அகப்பை. நான் வண்டி இழுத்தேன். ஆமி அட்டையைக் கேட்டால் நானும் உள்ளேதான். என் அடையாள அட்டையும் யாழ்ப்பாணத்து அட்டைதானே.

வாசலில் ஒரு இளம் ஒபிசர் மறித்தார். வெளிச்சாப்பாடு உள்ளே விட முடியாது என்றார். தில்லைநாதன் ஐயா இங்கிலீசில் சங்கத்தின் வரலாறு முழுவதையும் சொன்னார். ஒபிசர் தலையை ஆட்டினார். எதைக் கலந்திருக்கிறீர்கள் என்று தனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டார்.

நோபேட் வரிசையை விலக்கிக்கொண்டு முன்னுக்குப் போனார். குதிகால் இரண்டையும் அடித்து நின்று சிங்களத்தில் கேட்டார். "சேர், இன்றைக்கு இங்கே சாப்பாட்டைப் பார்வையிடும் ஓடர்லி ஒபிசர் யார்? அவர் ருசி பார்க்காமல் நான் ஒருத்தருக்கும் பரிமாறமாட்டேன். எங்கள் குசினியில் அதுதான் முறை."

ஒபிசரின் முகம் மாறியது.

"சீயா, எங்கே சமைத்தீர்கள்?" என்றார், தன் தாத்தாவைக் கூப்பிடுகிற மாதிரி.

"கெய்ரோவுக்கு வெளியே, சேர். ஒரு கொம்பனி, நூற்றிருபது ஆட்கள், மூன்று நேரம். ஒருத்தருக்கும் வயிறு போகவில்லை."

ஒபிசர் சிரித்துவிட்டார். "எங்கள் முகாம் கோக்கியும் என்னை விடுவதில்லை. அவித்த முட்டையைக்கூட ருசி பார்க்கச் சொல்லுவான்." துப்பாக்கியை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டுக் கையைக் கழுவினார். ஒரு பிடி சோறு, பருப்பு, பூசணிக்காய். கருவாடு மட்டும் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். பிறகு கேற்றைத் திறக்கச் சொன்னார்.

நூற்றுப் பதினாறு பேர் சாப்பிட்டார்கள். பழனியம்மாவின் மகன் மூன்று தரம் வாங்கினான். காவல் நின்றவர்களும் சோற்றுக் கோப்பையோடு வந்தார்கள். பின்னேரம் அநேகம் பேரை விட்டார்கள். அவளுடைய மகனும் வந்தான்.

தில்லைநாதன் ஐயா பள்ளிக்கூடப் படியில் குந்திக்கொண்டு, கூட்டத்தை அங்கேயே நடத்தப்போவதாகச் சொன்னார். பதினொரு பேரும் இருக்கிறார்கள், சட்டப்படி செல்லும் என்றார்.

"ஓடர்லி ஒபிசர் ருசி பார்க்கிற கதை குசினியில நிண்டவனுக்குத்தான் வாயில வரும். கோப்ரலாயிருந்த நானே மறந்துபோனன். புத்தகம் எரிஞ்சால் எரியட்டும். சம்மதமானவை கை தூக்குங்கோ."

பன்னிரண்டு கைகள் எழும்பின.

"நோபேட், உம்மட கையை இறக்கும். நீர் இன்னும் மெம்பர் இல்லை."

"ஒருக்கா எண்ணிப் பாருங்கோ ஐயா. பதினொண்டு வந்திட்டுது. இப்ப நான் மெம்பர்தானே?"

மக்கீன் நானா அவர் முதுகில் ஒரு அறை விட்டார். நோபேட் கொஞ்ச நேரம் மற்றப் பக்கம் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினார். அடுப்புப் புகை இன்னும் கண்ணில் நிற்கிறதாம். பிறகு சரியாகி, படியில் காலை நீட்டி இருந்தார்.

"சரி நோபேட், சட்டியக் கழுவுங்கோவன், போவம்," என்றார் ஐயா.

"கோக்கி சட்டி கழுவுறதில்ல ஐயா. அது மற்றப் பட்டாளத்தார்ர வேலை. படைச் சட்டம்."

தில்லைநாதன் ஐயா கொஞ்சம் யோசித்தார். சட்டம் அப்படித்தான் இருந்தது. சட்டைக் கையை மடித்துக்கொண்டு குழாயடிக்குப் போனார்.