மெழுகுப் படை

போன மாதம் என் மகன் சிநேகிதன் வீட்டிலிருந்து ஒரு சின்னப் பெட்டியை இரவல் வாங்கி வந்தான். உள்ளே கட்டைவிரல் உயரத்துக்கு வீரர்கள், கொம்பு முளைத்த பூதங்கள், இறக்கை வைத்த பாம்பு ஒன்று. மேசைமேல் நிறுத்தி, அளந்து அளந்து நகர்த்திச் சண்டை போட வேண்டுமாம். இப்படி ஓர் ஆட்டம் இப்போதுதான் புதிதாக வந்திருக்கிறது என்றான். நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போய்விட்டேன். பிள்ளை எதிரில் அழக் கூடாது.

எனக்கு ஒன்பது வயதிருக்கும்போதே அந்த ஆட்டம் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. கொண்டுவந்தவர் என் அப்பா, எங்களுக்கு நைனா.

அப்போது ராயபுரத்தில் ரயில் பாதைக்குப் பின்னால் ஒரே அறை உள்ள வீட்டில் இருந்தோம். இரண்டாயிரமாவது வருஷம் பிறந்தால் உலகம் அழிந்துவிடும் என்று தெருவில் பேசிக்கொண்டார்கள். எங்கள் வீட்டில் அது ஏற்கெனவே நடந்துவிட்டதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நைனா துறைமுகத்தில் கன்டெய்னர்களை இரும்புக் கம்பியால் இழுத்துக் கட்டுகிற வேலை செய்தவர். ஒருநாள் மேலேயிருந்து விழுந்தார். உயிர் இருந்தது, இடுப்புக்குக் கீழே உணர்வு இல்லை. அதிலிருந்து ஜன்னல் ஓரத்து இரும்புக் கட்டில்தான் அவருக்கு எல்லாம்.

அம்மா செவ்வாய்க்கிழமை நவநாள் ஜெபத்துக்குக் கோயில் வாசலில் தட்டு வைத்து மெழுகுவர்த்தி விற்பாள். கூடவே வேண்டிக்கொண்டு பொருத்தனைக்கு வைக்கிற மெழுகு உருவங்களும் இருக்கும். கண் நோவு உள்ளவர்கள் ஒரு ஜோடி கண் வாங்கிப் பீடத்தில் வைப்பார்கள். பிள்ளை இல்லாதவர்கள் குழந்தை உருவம், வாடகை வீட்டுக்காரர்கள் வீடு, கடலுக்குப் போகிறவர்கள் படகு. விற்காதவை பிஸ்கட் டின்னில் போட்டு வீட்டுக்கு வரும். அதில் ஒரு ஜோடிக் கால்களை மட்டும் அம்மா துணியில் சுற்றி மாதா படத்துக்குப் பின்னால் வைத்திருந்தாள். நைனா எழுந்து நிற்கிற அன்றைக்குப் பீடத்தில் வைக்க.

மே மாத லீவில் ஒரு மத்தியானம், நானும் அண்ணனும் சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது நைனா அந்த டின்னை எடுத்துவரச் சொன்னார். புது ஆட்டம் ஒன்று சொல்லித் தருகிறேன் என்றார். பழைய கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் சட்டமெல்லாம் எழுதினார். மெழுகு உருவங்கள் எங்கள் படை. அவருடைய வேலைப் பையில் கிடந்த போல்ட்டும் நட்டும் இரும்புப் படை, அது அவருக்கு. தீக்குச்சிதான் அளவு. கால் உருவம் நான்கு குச்சி தூரம் போகும். கை, விழுந்தவர்களைத் தூக்கிவிடும். கண், கட்டிலுக்கடியில் ஒளிந்திருக்கிற இரும்பைக் காட்டிக்கொடுக்கும். குழந்தையை யாரும் அடிக்கக் கூடாது. இரண்டு படையும் முட்டிக்கொண்டால் ஒரு பக்கம் தேய்த்த புளியங்கொட்டையைச் சுண்ட வேண்டும். வெள்ளை விழுந்தால் மெழுகு ஜெயிக்கும், கறுப்பு விழுந்தால் இரும்பு.

அம்மாவுக்கு இது பிடிக்கவில்லை. சாமிக்குப் போகிற பொருளை வைத்து விளையாடலாமா என்று கேட்டாள். இன்னும் மந்திரிக்காத மெழுகுதானே என்று நைனா சமாளித்தார். பிறகு மாதா படத்தைக் காட்டி, "அந்தக் கால எறக்கி வுடேன், ஒரே ஆட்டத்துல முடிச்சிடறேன்" என்றார். அம்மா சிரிக்கவில்லை. தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஜெபமாலையை எடுத்தாள்.

எங்கள் படைக்கு ஒரு ராஜா உண்டு. வெயிலில் காலிரண்டும் உருகி, விற்க முடியாமல் போன ஓர் ஆண் உருவம். நைனாவே தேடி எடுத்தது. ராஜா தானாக நகர மாட்டார். இரண்டு பேர் இரண்டு பக்கமும் நின்று தூக்க வேண்டும், தூக்குகிறவர்கள் ஒரு குச்சி தூரத்துக்கு மேல் போகக் கூடாது, மற்றவர்களும் அவர்களை விட்டு முன்னால் ஓடக் கூடாது. இரும்புப் படை சூழ்வதற்குள் கட்டிலடியிலிருந்து வாசற்படிக்குப் போய்ச் சேர வேண்டும். ராஜா பிடிபட்டால் எல்லோரும் தோற்றவர்கள்.

ஒருநாளும் நாங்கள் போய்ச் சேரவில்லை. கட்டிலிலிருந்து எட்டாத இரும்பை நாங்களே நைனாவுக்காக நகர்த்தினோம். எங்கள் கையாலேயே எங்களைத் தோற்கடித்தார்.

அந்த நாட்களில்தான் நைனாவின் முதுகில் படுக்கைப் புண் ஆழமாகிவிட்டது. மறுபடி பெரிய ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும், பல மாதம் ஆகலாம், யாராவது கூடவே இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அம்மா தட்டை விட்டுவிட்டுப் போவதென்றும், அண்ணன் பத்தாவதை நிறுத்திவிட்டு எர்ணாவூர் பக்கம் பட்டறை வேலைக்குப் போவதென்றும் பேச்சு. எல்லாம் நைனா படுத்திருந்த அதே அறையில்தான் நடந்தது. மெதுவாகப் பேசினால் அவர் காதில் விழாது என்று நாங்கள் எல்லோரும் நம்பினோம்.

ஒரு சனிக்கிழமை மூன்று ஆட்டம் வரிசையாகத் தோற்றோம். எனக்கு அழுகை வந்துவிட்டது.

"இந்த ராஜாவத் தூக்கிகினு போறதாலதான் தோத்துகினே கீறோம் நைனா. ரூல மாத்து."

"இன்னான்னு மாத்தணும்?"

"அவர அங்கியே வுட்டுட்டு, மத்தவங்க வாசலுக்குப் போய்ட்டா ஜெயிச்சதுன்னு."

அண்ணன் என் தலையில் குட்டினான். ராஜா செத்தால் தோற்றதுதான், இதுகூடத் தெரியாத லூசு என்றான்.

"ராஜாவால இன்னா ஆவுது? சும்மா குந்திகினு கீறாரு" என்றேன்.

நைனா மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்த்தபடியே கேட்டார்.

"ராஜாவுக்குக் கஷ்டமா இருக்காதா கண்ணு?"

"மெழுகுதானே நைனா."

அவர் பென்சில் கேட்டார். நோட்டை வாங்கி, படுத்தபடியே கடைசி வரியாக எழுதினார்: இனிமேல் ராஜாவை விட்டுப் போகலாம்.

அடுத்த ஆட்டத்தில் ஜெயித்தோம். கண், கை, கால், படகு, குழந்தை, ஒன்றுகூடக் குறையாமல் வாசற்படி ஏறியது. நான் தெருவில் இறங்கிக் குழாயடிவரை ஓடி, இரும்புப் படையை ஜெயித்துவிட்டேன் என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னேன். திரும்பி வந்தபோது நைனா என் கன்னத்தைக் கிள்ளி, கெட்டிக்காரி என்றார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வந்து நின்றது. நைனா வர மாட்டேன் என்றுவிட்டார். அம்மா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினாள். பங்குச் சாமியார் வந்து உட்கார்ந்து பேசிப் பார்த்தார். "நோவு ஒண்ணும் இல்ல சாமி, வூட்லயே கீறேன்" என்று நைனா கும்பிட்டார். வண்டி வெறுமனே திரும்பிப் போனது. ஒரு வாரத்தில் ஜுரம் கண்டது. மூன்றாம் வாரம் சாமியார் வந்து கடைசி எண்ணெய் தொட்டு அவஸ்தை பூசினார். பள்ளிக்கூடம் திறப்பதற்கு நான்கு நாள் முன்னால் நைனா போய்விட்டார்.

சவப்பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தபோது எனக்கு அவ்வளவாக அழுகை வரவில்லை. எங்கள் ஆட்டத்தில் செத்தவர்களையெல்லாம் டின்னில் போட்டு மறுநாள் எடுத்து நிறுத்துவோம். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

நாற்பதாம் நாள் பூசைக்குப் பிறகு வந்த செவ்வாய்க்கிழமை, அம்மா மாதா படத்துக்குப் பின்னாலிருந்து அந்த ஜோடிக் காலை எடுத்துத் துணியைப் பிரித்துத் தட்டில் வைத்தாள். முதலில் வந்த பெண்ணே அதை வாங்கிக்கொண்டு உள்ளே போனாள். அண்ணன் பத்தாவது எழுதினான். அம்மா தட்டைவைத்தே எங்களைக் கரைசேர்த்தாள். எல்லோரும் வாசற்படி ஏறிவிட்டோம்.

ராஜாவை விட்டுப் போகலாம் என்று நான் கேட்டதைப் பாவசங்கீர்த்தனத்தில் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். குழந்தை சொன்னது பாவமில்லை, ஆண்டவர் அறிவார் என்றுதான் எந்தச் சாமியாரும் சொல்கிறார். ஆண்டவர் அறிவார் என்பது எனக்கும் தெரியும். அப்படியும் கல்லறைத் திருநாளில் மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு மறுபடி போய் அதையே சொல்கிறேன்.

அன்றைக்கு ஜெயித்த ஆட்டத்தில் இரும்பை நகர்த்த நைனா எங்களைக் கூப்பிடவில்லை. கட்டிலிலிருந்து கையைத் தொங்கவிட்டு, எட்டின மட்டும் ஒவ்வொரு போல்ட்டாக எடுத்து ராஜாவைச் சுற்றி அவரே வைத்துக்கொண்டிருந்தார். தரையில் இரும்பு வைக்கிற சத்தம் எனக்குக் கேட்டது. நான் வாசற்படியில் குனிந்து யார் யார் வந்து சேர்ந்தார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை.